ஏரியலுக்கு அடியில் ஒரு துண்டுத் தோல்

அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. முதலில் கையைப் பார்ப்பார். அப்புறம் கழுத்து, அப்புறம் காதுக்குப் பின்னால். வேலை கேட்டு நான் போய் நின்ற அன்று என் முன்னங்கையைப் பிடித்து, தோலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு கிழித்தார். கோடு வெள்ளையாக விழுந்து மெல்லச் சிவக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பட்டாளத்துல லாரி ஓட்டினியா?"

"ஆமாங்க மொதலாளி."

"கழுத்துல இன்னாடா தழும்பு?"

"சின்ன வயசுல கட்டி வந்து ஒடஞ்சுதுங்க."

"ரெண்டாம் நம்பர்," என்று பக்கத்தில் இருந்த கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். "பரவால்ல, ஓட்டட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்து என்ன செய்ய? சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கையைத் தேய்த்துக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் அவருக்கு டேனரி. அங்கே பதனிடும் தோல் கப்பலேறிச் சீமைக்குப் போகும். போகும் முன் ஒவ்வொரு தோலையும் மேஜையில் விரித்து, தடவி, வளைத்து, நகத்தால் கீறி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரிப்பார்கள். உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு, முள் கிழித்த கோடு, உரித்தவன் கத்தி தவறிய வெட்டு என்று ஒவ்வொரு குறைக்கும் ஒரு நம்பர் இறங்கும். எதற்கும் ஆகாதது ரிஜெக்ட், மூலையில் விழும். இந்த வேலையில் முதலாளியை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தடவியே, மாடு எந்த ஊர்க் காட்டில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார். மேஜையை விட்டு எழுந்த பிறகாவது அந்தப் புத்தியைக் கழற்றி வைத்தாரா என்றால், அதுதான் இல்லை.

கூலிக்காரர்கள் எல்லாரும் மூன்றாம் நம்பர். கணக்கப்பிள்ளைக்கு ஒரு கண் பூ விழுந்தது, அவர் ரிஜெக்ட். கட்டிக்கொண்ட சம்சாரம் இரண்டாம் நம்பராக வந்து பிள்ளை பெற்றபின் மூன்றாம் நம்பர் ஆனாளாம். இதை அவரே வியாபாரிகளிடம் சொல்லிச் சிரிப்பார். ஒன்றாம் நம்பர் என்று ஒரு மனுஷனை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "மனுசன்ல ஏதுடா ஒண்ணாம் நம்பர்? தேடிப் பாத்தா எங்கியாவது ஒரு ஓட்ட இருக்கும்," என்பார். ஓட்டை கிடைக்கும்வரை விடவும் மாட்டார்.

அவருடைய பெண்ணைப் பார்க்க வேலூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களை ஜீப்பில் கூட்டி வந்தவன் நான்தான், அதனால் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். நல்ல குடும்பம், பையன் அடக்கமானவன். பெண் தட்டோடு வந்து நமஸ்காரம் பண்ணி எழுந்தாள். எல்லாருக்கும் பிடித்துப்போய், பையனின் அம்மா பூவை எடுத்துவிட்டாள். அப்போது இவர் சொல்கிறார்: "கொஞ்சம் இருங்க. பொண்ணுக்கு வலது கால் ஒரு விரக்கட கம்மி. பொடவ கட்டினா தெரியாது. அப்புறம் நான் மறச்சேன்னு பேச்சு வரக் கூடாது." பெண் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "நட, நடந்து காட்டும்மா," என்றார். நடந்து காட்டினாள். அவர்களைத் திரும்ப வேலூரில் விடும்போது அந்தப் பூ பையனின் அம்மா மடியிலேயே வாடிக் கிடந்தது. அவள் கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

நேர்மைதானே என்று சிலர் சொல்வார்கள். மண்ணாங்கட்டி நேர்மை! அவர் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. அந்தத் தோலை மேஜையில் விரித்தால் என்ன நம்பர் போடுவீர்கள் என்று கேட்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

மாணிக்கத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். தோல் கட்டுகளின்மேல் விலாசம் எழுதுகிற ஆள். முத்து முத்தாக எழுதுவான், ஆனால் வாய் திக்கும். அதுவும் 'ம'வில் மாட்டினால் பாவம், கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். தாய் தகப்பன் இல்லை. தம்பி ஏழுமலையைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவன் அவன்தான். ஏழுமலை வளர்ந்து அதே டேனரியில் மாட்டு வண்டி ஓட்டினான். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அண்ணனுக்காகத் தம்பிதான் பேசுவான். அண்ணன் திக்க ஆரம்பித்ததும் சட்டென்று அந்த வார்த்தையைத் தான் எடுத்துச் சொல்லி முடித்துவிடுவான், யாரும் சிரிப்பதற்கு முன்னால். அந்த இரண்டு பேருக்கும் உலகத்தில் வேறு யாரும் கிடையாது.

ஜீப்பும் ஒயர்லெஸ்ஸும் சேர்ந்தேதான் வந்தன. பட்டாளத்தில் கழித்துக் கட்டிய சாமான்களை மதராஸில் ஏலம் போட்டார்கள். முதலாளி ஒரு ஜீப்பும் இரண்டு ஒயர்லெஸ் பெட்டிகளும் எடுத்து வந்தார். லைசென்சை எப்படி வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஒரு பெட்டி டேனரி ஆபீசில் டெலிபோனுக்குப் பக்கத்தில், இன்னொன்று ஜீப்பில். மதராஸில் தோல் விலை ஏறினால் ஆபீசுக்கு டெலிபோன் வரும். ஆபீசிலிருந்து ஒயர்லெஸ்ஸில் சொன்னால், குடியாத்தம் பக்கம் பதனிடாத பச்சைத்தோல் பேரத்தில் நிற்கிற முதலாளிக்கு மற்ற வியாபாரிகளுக்கு முன்னால் சேதி தெரிந்துவிடும். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பெட்டி சரி, ஏரியல்? வேலூரிலிருந்து ரேடியோ மெக்கானிக் ஒரு பாய் வந்தார். மூன்று விதக் கம்பிகளை ஜீப்பின் பானட்மேல் பரப்பினார். ஒன்று குட்டை, அடியில் செப்புக் கம்பி சுற்றியது. ஒன்று ரேடியோக் கடையில் விற்கிற மாதிரி, இழுத்தால் நீளும். ஒன்று துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கிற பட்டாளத்துக் கம்பி, சேர்த்தால் இரண்டு ஆள் உயரம். முதலாளி தோலைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். குட்டையை நகத்தால் சுரண்டினார், பூச்சு உதிர்ந்தது; ரிஜெக்ட். இழுப்புக் கம்பியை வளைத்தார், நெளிந்து அப்படியே நின்றுவிட்டது; ரிஜெக்ட். நெட்டைக் கம்பி வில்லாக வளைந்து, விட்டதும் விர்ரென்று நிமிர்ந்தது. அப்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை, அவர் பெற்ற பெண்ணைப் பார்க்கும்போதுகூட நான் கண்டதில்லை.

"இத பானட் பக்கத்துல வெச்சா டிரைவருக்குக் கண்ண மறைக்கும் மொதலாளி," என்றார் பாய். "கண்ணாடிச் சட்டம் மடங்கறது, அங்கயும் ஆவாது. பின்னால எடது மூலைதான் தோது."

பின்மூலையில் இரும்புப் பட்டை அடித்து, அதன்மேல் பீங்கான் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, அதன் தலையில் கம்பியை நிறுத்தினார். கம்பி ஜீப்பின் இரும்பில் எங்கேயும் ஒட்டக் கூடாதாம். ஒட்டினால் குரல் பெட்டிக்கு வராமல் வண்டியின் உடம்பில் இறங்கிவிடுமாம். சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் தோல் பதனிடுகிற மரப்பட்டை வாங்க அமிர்திக் காட்டுக்குப் போய் வந்தோம், ஜீப் கல்லில் குதித்துக் குதித்துப் பீங்கான் தூளாயிற்று. இன்னொன்று வைத்தார், அதுவும் உடைந்தது.

"எடு தோல," என்றார் முதலாளி.

எங்கள் ஊரில் இது பெரிய விஷயமே இல்லை. மேஜை ஆடினால் காலுக்குக் கீழே ஒரு துண்டுத் தோல். பம்பு ஒழுகினால் தோல். கதவு கிறீச்சிட்டால், வண்டி அச்சு தேய்ந்தால், தொட்டில் கயிறு அறுந்தால் தோல். வெளியூர்க்காரன் கடைக்கு ஓடுவான். நாங்கள் கத்தியை எடுப்போம். முதலாளி தானே எருமைத் தோலில் கனமான இடமாகப் பார்த்து, தரையில் மண்டி போட்டு, வட்ட வட்டமாக நறுக்கினார். விளிம்பைக் கண்ணாடிச் சில்லால் சீவினார். உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அத்தனை பதமாக அந்தக் கை எதையும் தொட்டு நான் அறியேன்.

பாய் அதை வைத்து முறுக்கிப் பார்த்துவிட்டு, "பலே மொதலாளி, பீங்கான விட ஜோரா நிக்குது," என்றார். மனசறிந்துதான் சொன்னார். கல்லிலும் மேட்டிலும் அது அசையவே இல்லை, குரலும் கணீரென்று வந்தது. எங்கள் யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. அப்போது தை மாதம். வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை.

"ஒயர்லெஸ்ஸுக்கு யார ஒக்கார வெக்கலாம் மொதலாளி?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

"மாணிக்கத்த."

கணக்கப்பிள்ளை தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். தமாஷ்தான், ஆனால் அவர் நினைத்த தமாஷ் இல்லை. ஜீப்பில் வியாபாரிகள் ஏறியதும் முதலாளி மைக்கை எடுப்பார். "யாருடா பேசறது? பேரச் சொல்லு." பெட்டியிலிருந்து "ம... ம... ம..." என்று வரும். வியாபாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "கேக்கலடா, இன்னொரு தபா சொல்லு." மறுபடி ம... ம... ரோட்டில் போகிறவன்கூட நின்று கேட்பான். சேதி வந்த நாட்களில்கூட முதலில் பேரைச் சொல்லியாக வேண்டும். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். ஏழுமலை ஒருநாள் என்னிடம் வந்து, "டிரைவரண்ணா, அண்ணன் ராவுல சோறே துன்றதில்ல. மொதலாளிகிட்ட நீயாவது சொல்லேன்," என்றான். நான் சொன்னேன். "ஒனக்கு இன்னாடா பேஜாரு? ரோட்டப் பாத்து ஓட்டு," என்று பதில் வந்தது.

சித்திரையில் ஒரு கோடை மழை அடித்தது. வழியில் பெட்டி கரகரத்தது, குரல் துண்டு துண்டாக வந்தது. "இன்னிக்கு ஜாஸ்தியா திக்கறான்," என்றார் முதலாளி. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மறுநாள் வெயிலில் எல்லாம் சரியாகிவிட்டது.

அந்த ஆவணியில் குடியாத்தம் பக்கம் ஒரு பெரிய பச்சைத்தோல் பேரம் முடிந்தது. மூன்று மாட்டு வண்டிகளில் ஏற்றிவிட்டு, முதலாளியும் நானும் ஜீப்பில் கூடவே திரும்பினோம். காலையிலிருந்து விடாமல் தூறல், காற்று வேறு. மாதனூருக்கு எதிர்க்கரையில் வண்டிகள் நின்றன. பாலாறு எங்கள் பக்கத்தில் பேருக்குத்தான் ஆறு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல். வண்டிக்காரர்கள் பாலம் தேடிச் சுற்ற மாட்டார்கள், மணலிலேயே இறங்கிவிடுவார்கள். அன்றைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது.

முன்வண்டி ஏழுமலையுடையது. இறங்கி வந்து முதலாளி எதிரில் நின்றான். "மொதலாளி, தண்ணி செவப்பா வருது. மேல எங்கியோ நல்ல மழ. கொஞ்ச நேரம் பாத்துட்டு எறங்கலாம்."

"தோலு நனைஞ்சி அழுவட்டும், நீ ஒக்காந்து வேடிக்க பாரு, அதான?" என்றார். "அண்ணனுக்கு வாயில ஓட்ட, தம்பிக்கு நெஞ்சுல ஓட்ட."

அவன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மற்ற வண்டிக்காரர்களும் அவனைப் பார்த்து நின்றார்கள். அவன் இறங்க மாட்டான் என்றுதான் நான் நினைத்தேன். மனசுக்குள் அவனை மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரம் ஒயர்லெஸ் கரகரத்தது. காற்றில் கம்பி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. குரல் வந்தது, நின்றது. "மொ..." கரகர. "மொ... மொ..." கரகர. "த... த..." மறுபடி கரகர.

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தார். "ஏழுமல, கேளுடா, ஒங்கண்ணன் பேசறான்! இன்னா சொல்றான், நீதான் கெட்டிக்காரனாச்சே, எடுத்துச் சொல்லு பாக்கலாம்!" மற்ற வண்டிக்காரர்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். பெட்டி "த... த... வ..." என்று கத்திக்கொண்டே இருந்தது.

ஏழுமலை அந்தப் பெட்டியைப் பார்த்தான். அவன் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அத்தனை பேர் நடுவில் அண்ணன் அப்படி நாறிக்கொண்டிருக்கிறானே என்ற அவமானம், அவ்வளவுதான் அதில் இருந்தது. அந்தச் சிரிப்பு எப்படியாவது நிற்க வேண்டும், அந்த இடத்தை விட்டுப் போனால் போதும். ஓடிப்போய் வண்டியில் ஏறினான். நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சியால் மாடுகளைக் குத்தி ஆற்றில் இறக்கினான்.

நடு ஆற்றைத் தாண்டியிருக்க மாட்டான். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு இரைச்சல் கேட்டது. மரமும் முள்ளும் நுரையுமாகத் தண்ணீர் திரண்டு வந்தது. நாங்கள் கத்தினோம். அவன் எழுந்து நின்று மாடுகளைக் குத்து குத்தென்று குத்தினான். அப்புறம் வண்டி இல்லை, மாடு இல்லை, அவனும் இல்லை.

மறுநாள் பள்ளிகொண்டாவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் முள்ளுக்காட்டில் அவனை எடுத்தோம். ஒரு மாடும் அங்கேயே ஒதுங்கிக் கிடந்தது. பிள்ளையை மூங்கிலில் கட்டித் தூக்கும்போது முதலாளி ஆள் அனுப்பி மாட்டை உரிக்கச் சொன்னார். அந்தத் தோல் டேனரிக்கு வந்ததும் மேஜையில் விரிக்கச் சொல்லித் தடவிப் பார்த்தார். பின்தொடையில் ஆணி இறங்கிய ஓட்டைகள் வரிசையாக இருந்தன.

"தார்க்குச்சி குத்து ஜாஸ்தி," என்றார். "இப்பிடியா குத்துவான் பாவி? மூணாம் நம்பர்."

கொள்ளி வைத்துவிட்டு வந்து மாணிக்கம் ஆபீஸ் வாசலில் மொட்டைத் தலையோடு நின்றிருந்தான். முதலாளி அவனைக் கூப்பிட்டார். "ஒரே ஒரு வார்த்த ஒழுங்கா சொல்லியிருந்தா ஒன் தம்பி பொழச்சிருப்பான்டா. நீதான்டா அவன சாவடிச்சது."

மாணிக்கம் இல்லை என்று தலையை ஆட்டினான். ஏதோ சொல்ல வந்தான். "சொ... சொ..." கழுத்து நரம்பு புடைத்தது. "சொ..." முதலாளி காத்திருந்து பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

அவன் விழுங்கிய வார்த்தையை எனக்கு எடுத்துச் சொன்னவள் ஆபீஸ் பெருக்குகிற பாக்கியம்மா. "அந்தாளு சொன்னாருய்யா," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "வாணியம்பாடிலருந்து போனு வந்துது, ஆத்துல வெள்ளம்னு. பெட்டி முன்னால ஓடிப் போயி சொன்னாரு பாரு! தண்ணி வருது, வண்டிய எறக்காதீங்கன்னு. ஒரு எடத்துல திக்கல. என் ரெண்டு புள்ளைங்க மேல சத்தியமா திக்கல. எத்தினி தபா சொன்னாரு தெரியுமா? நானே, இன்னாடா இது, இந்தாளா பேசறான்னு வாயடச்சிப் போயி நின்னேன்."

நான் நேரே ஜீப்புக்குப் போனேன். ஏரியலின் திருகைக் கழற்றினேன். அடியில் இருந்த தோல் ஊறி உப்பிப்போய், அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. ஈரத் தோலும் இரும்பும் ஒன்றுதான். காற்றில் கம்பி சாயும்போதெல்லாம் அந்த ஈரம் நசுங்கி, மாணிக்கத்தின் குரலைத் துண்டு துண்டாக வண்டியின் உடம்பில் இறக்கியிருக்கிறது. திக்கியது அவன் இல்லை. அந்தத் தோல் துண்டைக் கொண்டுபோய் முதலாளி மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டார். தோலை எடுத்துப் பிழிந்தார், வளைத்தார், நகத்தால் கீறினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தோலு மேல குத்தம் இல்லடா," என்றார். "காய வெச்சி மறுபடி மாட்டு."

தம்பிக்குக் காரியம் முடிந்ததும் மாணிக்கத்தைத் திரும்ப அதே பெட்டி முன்னால் உட்கார வைத்தார். அவனும் வந்து உட்கார்ந்தான். போக்கிடம் ஏது? நானும்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நல்ல வெயில் நாள். மதராஸிலிருந்து ஏஜெண்டு ஒருவர் வந்திருந்தார். நாட்றம்பள்ளி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். முதலாளிக்குப் பழைய ஆசை வந்துவிட்டது. ஏஜெண்டைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு மைக்கை எடுத்தார்.

"யாருடா பேசறது? பேரச் சொல்லு."

தோல் நன்றாகக் காய்ந்திருந்தது. பெட்டியில் ஒரு கரகரப்பும் இல்லை.

"மாணிக்கம் பேசறேன் மொதலாளி," என்று வந்தது குரல். ஒரு எழுத்தும் தடுக்கவில்லை. "ஆத்துல தண்ணி வருது. வண்டிய எறக்காதீங்க. என் தம்பி முன்வண்டில இருக்கான். வண்டிய எறக்காதீங்க."

முதலாளி மைக்கை மெல்ல மடியில் இறக்கினார். பயந்துவிட்டார், இனி இந்த ஆள் உருப்படுவார் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அவர் ஏஜெண்டின் பக்கம் திரும்பினார்.

"இவன் பொறந்ததுலருந்து திக்குவாயன் சார்," என்றார். "எங்கிட்ட இருந்து எப்பிடித் தேறிட்டான் பாத்தீங்களா? குறையே இல்ல. ஒண்ணாம் நம்பர்."

"பேஷ், பேஷ்," என்றார் ஏஜெண்டு.

ஜீப்பை ஓரம் கட்டினேன். "இன்னாடா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார் முதலாளி. நான் இறங்கி, வந்த வழியே நடந்தேன். கூப்பிட்டார், திட்டினார், நான் திரும்பவில்லை. ரொம்ப தூரம் வரைக்கும் எனக்குப் பின்னால் அந்தப் பெட்டி, வண்டிய எறக்காதீங்க என்று திக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது.